இசை ஆற்றுப்படை

பழந்தமிழ் நாட்டிலே யாழைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர்தொறும் சென்ற பாணர், இடைவழியில் பிறிதொரு பாணர் கூட்டத்தைக் காண்பதுண்டு. ஒரு கூட்டம் பரிசில் பெற்று மகிழ்ச்சியோடு திரும்பும். மற்றொரு கூட்டம் பசியால் வாடி, புரப்பார் யாவர் என்று தேடிச் செல்லும். பரிசில் பெற்றவன் பெறாதவனை நிறுத்தி, தான் சென்றுவந்த வள்ளலின் ஊரையும் பேரையும் வழியையும் கூறி அனுப்புவான். இவ்வாறு வழிப்படுத்துதலை ஆற்றுப்படை என்பர். ஆறு என்பது வழி. படை என்பது படுத்துதல், அஃதாவது செலுத்துதல். பத்துப்பாட்டு என்னும் தொகையுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளே. அவற்றுள் ஒன்று அடியாரை முருகனிடம் ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும் கலைஞரைப் புரவலரிடம் ஆற்றுப்படுத்துவன.

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் நெறி படிப்படியாக விளக்கப்படுகின்றது. நெய்தல் நிலத்தில் எயிற்பட்டினம் வரும். அங்கே சுட்ட குழல்மீன் கிடைக்கும். முல்லை நிலத்தில் வேலூர் வரும். அங்கே புளிச்சோறும் ஆமானின் சூட்டிறைச்சியும் பெறலாம். மருத நிலத்து ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கறியும் உண்ணலாம். பின்னர்க் கிடங்கில் என்னும் நகரை அடையலாம். பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாமோ, வழியின் இன்பங்களோடு இடர்களையும் சேர்த்தே கூறும். பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே உள்ளன, பாம்பு ஒடுங்கிய இடங்கள் எங்கே உள்ளன என்று எச்சரிக்கும். கூறுவோன் தானே நடந்து கண்டவன். ஆதலின் அவன் சொல் நம்பத் தக்கதாயிற்று.

இன்று கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ கல்லூரியில் பயிலும் இளைஞன் ஒருவன், இதுவரை கேளாத புதிய பாட்டொன்றைக் கேட்க விரும்பினால், யாரிடம் செல்கின்றான்? கையிலுள்ள கைப்பேசியைத் தொடுகின்றான். அஃது ஒரு பாட்டைக் காட்டுகின்றது. அது முடியுமுன் அடுத்த பாட்டையும் எடுத்து வைக்கின்றது. அவனை ஆற்றுப்படுத்தும் அக்கருவி எவ்வழியிலும் நடந்ததன்று; எப்பாட்டையும் நுகர்ந்து மகிழ்ந்ததும் அன்று. பின் அஃது எவ்வாறு வழி கூறுகின்றது? அதன் சொல்லை எவ்வளவு நம்பலாம்? கொங்கு நாட்டுக் கலைஞர்க்கு அதனால் வரும் ஆக்கம் யாது? இழப்பு யாது? இவை ஆராயத் தக்கன.

முதலில் தனியிசை என்பது இன்னதென அறிதல் வேண்டும். தமிழ்நாட்டில் பாட்டு என்ற அளவிலே பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது திரைப்பாட்டுத்தான். சிங்காநல்லூரில் படப்பிடிப்பு நிலையங்கள் எழுந்த 1930களிலிருந்தே கோயம்புத்தூர் திரைத்தொழிலோடு தொடர்புடைய நகரம். இசைத்தட்டுகளும், 1966இல் தொடங்கிய கோவை வானொலி நிலையமும், பின்னர் வந்த ஒலிநாடாக்களும் திரைப்பாட்டுகளை வீடுதோறும் கொண்டுவந்து சேர்த்தன. திரைப்படத்திற்கு என்று இயற்றப்படாமல், பெரிய நிறுவனங்களின் முதலையும் எதிர்பாராமல், கலைஞர் தாமே எழுதி, தாமே இசையமைத்து, தம் செலவிலேயே பதிவு செய்து வெளியிடும் பாட்டே தனியிசை. அதனை விற்பதற்குக் கடை இல்லை. பரப்புவதற்கு விளம்பரம் இல்லை. பாடுவோர் இருந்தும் கேட்போரைச் சென்றடையும் வழி நெடுங்காலம் இல்லாதிருந்தது. இணையம் வந்த பின்னரே அவ்வழி திறந்தது.

அவ்வழியில் முன்னே நடந்தோருள் ஒருவர் கோயம்புத்தூரைச் சார்ந்தவர். ஆதி என்னும் அவ்விளைஞர் பொறியியல் பயின்றுகொண்டே, தாளத்திற்கு ஏற்பச் சொற்களை விரைந்து உரைக்கும் ஹிப்ஹாப் என்னும் மேனாட்டு முறையைத் தமிழில் பாட முயன்றார். தம்மைப்போன்ற ஆர்வலரை அவர் தெருவிலோ சபையிலோ காணவில்லை. 2014இல் மூடப்பட்டுவிட்ட ஆர்குட் என்னும் இணையத் தளத்தில் கண்டார். அங்கே அறிமுகமான ஜீவாவும் அவரும் சேர்ந்து ஹிப்ஹாப் தமிழா என்னும் பெயரில் இயங்கத் தொடங்கினர். 2011இல் தனியார் வானொலி நிலையம் ஒன்றில் ஆதி பாடிய பாட்டின் காட்சிப்பதிவு யூடியூபில் ஏறியது. சில நாள்களில் தமிழ்நாடு முழுவதும் பரவியது. 2012இல் அவர்களுடைய ஹிப்ஹாப் தமிழன் என்னும் தொகுப்பு வெளிவந்தது. பின்னர் 2015இல் திரைப்பட இசையமைப்பாளராயினர். ஆதி இசைத்தொழில் முனைவு பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார்.

அம்முதற் பாட்டு, நகர்ப்புற இளம்பெண்களின் நடையுடைகளைப் பழித்துரைப்பது. அதனைப் போற்றியோரும் உளர், கண்டித்தோரும் உளர். கண்டித்தோர் கூற்றில் பெரிதும் உண்மை உண்டு. சினத்தால் அதனை நண்பர்க்கு அனுப்பியவரும், மகிழ்ச்சியால் அனுப்பியவரும் ஒருவகையாகவே அதனைப் பரப்பினர் என்பது கருதத் தக்கது. கருவி எண்ணிக்கையை அறியும். எண்ணியவர் உள்ளத்தை அறியாது.

இனி, கருவிகள் செயற்படும் முறையைக் காணலாம். அவை மூவகைப்படும்.

முதல்வகை சொல்லைக்கொண்டு தேடுவது. பாட்டின் பெயரையோ பாடியவர் பெயரையோ எழுத்தால் இட்டால், தேடுபொறி தன்னிடமுள்ள குறிப்புகளோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்துவனவற்றை முன்னிறுத்தும். பெயர் அறிந்த பாட்டுக்கு இது போதும்.

இரண்டாவது வகை ஒலியைக்கொண்டு இனங்காண்பது. தேநீர்க் கடையிலோ பேருந்திலோ ஒரு பாட்டு ஒலிக்கின்றது, பெயர் தெரியவில்லை. 2002இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஷசாம் என்னும் சேவை இக்குறையைப் போக்கியது. அக்காலத்தில் 2580 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, கருவியைப் பாட்டின் பக்கம் நீட்டினால், சிறிது நேரத்தில் பாட்டின் பெயர் குறுஞ்செய்தியாக வரும். இப்போது கைப்பேசிச் செயலியாகிவிட்டது. அது செய்வது யாதெனின், ஒலியை ஒரு வரைபடமாக மாற்றுவது. படத்தின் கிடைக்கோடு காலத்தையும் நெடுங்கோடு ஒலியின் உயர்வு தாழ்வையும் காட்டும். அப்படத்துள் வலிமை மிக்க புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு புள்ளிக்கும் மற்றொரு புள்ளிக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளும். இரவு வானில் விண்மீன்களின் அமைப்பைக்கொண்டு இது கார்த்திகை, இது சப்தரிஷி மண்டலம் என்று உணர்வதைப் போன்றது இது. சுற்றிலும் இரைச்சல் இருப்பினும் அப்புள்ளிகள் பெரும்பாலும் மறைவதில்லை.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. முன்பே பதிவு செய்து தன் களஞ்சியத்தில் வைக்கப்பட்ட அதே ஒலிப்பதிவைத்தான் அஃது இனங்காணும். கோனியம்மன் தேரோட்டத்தில் ஜமாப்பு முழங்கும்போது கைப்பேசியை உயர்த்திப் பிடித்தால், ஒன்றும் தெரியவில்லை என்றே விடை வரும். அன்று அங்கே எழுந்த முழக்கம் அதற்கு முன் எங்கும் பதிவானதன்று. 2020இல் கூகுள் நிறுவனம், பாட்டை வாயால் முணுமுணுத்தாலே இனங்காணும் வசதியைக் கொணர்ந்தது. குரல், கருவி ஆகியவற்றை நீக்கி இசையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் எண்களின் வரிசையாக்கி அஃது ஒப்பிடும். ஆயினும் ஒப்பிடுவதற்கு மூலப்பாட்டு ஒன்று அதன் களஞ்சியத்தில் இருத்தல் வேண்டும். கிணற்றில் நீர் இல்லையாயின், கயிறு எவ்வளவு நீண்டிருந்தும் பயன் யாது?

மூன்றாவது வகையே பரிந்துரை. ஆற்றுப்படை என்னும் பெயர்க்கு உரியது இதுதான். தேடாதவனுக்கும் வழி கூறுவது. 1994இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிங்கோ என்னும் அமைப்பை உருவாக்கினர். அதில் சேர்ந்தோர் மின்னஞ்சல் வழியாகப் பாடகர்களுக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் இட்டு அனுப்புவர். ஒருவருடைய மதிப்பெண்களோடு ஒத்த மதிப்பெண் இட்ட பிறரைக் கணிப்பொறி தேடும். அவர்கள் விரும்பியவரும் இவர் இன்னும் கேளாதவரும் ஆகிய பாடகரை இவருக்கு எடுத்துக் கூறும். 2002இல் இங்கிலாந்துக் கல்லூரி மாணவர் ஒருவர் ஆடியோஸ்க்ராப்ளர் என்னும் நிரலை எழுதினார். அதில் மதிப்பெண் இட வேண்டிய உழைப்பும் இல்லை. ஒருவர் தம் கணிப்பொறியில் எதைக் கேட்கின்றாரோ அதனைத் தானே குறித்துக்கொள்ளும்.

இதன் அடிப்படை மிக எளியது. பொள்ளாச்சி மாணவன் ஒருவன் நான்கு பாட்டுகளை விரும்பிக் கேட்கின்றான் என்று கொள்வோமாக. பெருந்துறையில் ஒரு மாணவி அந்நான்கனுள் மூன்றைக் கேட்கின்றாள். அவற்றோடு வேறொரு பாட்டையும் கேட்கின்றாள். இருவரும் ஒருவரையொருவர் அறியார். கருவி அவனுக்கு அவளுடைய வேறொரு பாட்டைக் காட்டும். அவளுக்கு அவனுடைய நான்காம் பாட்டைக் காட்டும். இருவர்க்கு மாறாகப் பல கோடி மக்களின் குறிப்புகளை வைத்து இதே கணக்கைச் செய்தால், அதுவே இன்றைய பரிந்துரைக் கருவியின் நடுநாடி. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2015 முதல் திங்கட்கிழமைதோறும் ஒவ்வொருவர்க்கும் 30 பாட்டுகளைத் தெரிந்து தருகின்றது. அதற்கு அது பெரிதும் துணைக்கொள்வது, உலகெங்கும் உள்ள மக்கள் தாமே விரும்பித் தொடுத்த பாட்டு வரிசைகளையே. எவ்விரு பாட்டுகளைப் பலர் ஒரே வரிசையில் தொடுத்துள்ளனரோ, அவ்விரண்டும் உறவுடையன என்று அது கருதும். இந்நிறுவனம் 2019 பிப்ரவரியில் இந்தியாவிற்கு வந்தது.

எனவே, கருவி நடவாவிடினும் நடந்தவர் அடிச்சுவடுகளை அறியும். ஆற்றுப்படுத்துவது ஒரு பாணன் அல்லன். பெயர் தெரியாத பல்லாயிரம் பாணர்.

வேறொரு முறையும் உண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய இசை மரபணுத் திட்டத்தில், இசை பயின்ற வல்லுநர் அமர்ந்து ஒவ்வொரு பாட்டையும் கேட்டு, அதன் தாளம், குரலின் தன்மை, கருவிகள், சொற்பொருள் என்று ஏறத்தாழ 450 இயல்புகள் வரை குறித்தனர். பண்டோரா என்னும் இணைய வானொலி இதனைக்கொண்டே பாட்டுகளைத் தெரிவு செய்தது. எவரும் கேளாத பாட்டாயினும், வல்லுநர் ஒருவர் கேட்டுவிட்டால் அதற்கு வழி பிறக்கும். இது நல்ல முறை. ஆனால் ஒரு பாட்டுக்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். நாள்தோறும் பல்லாயிரம் பாட்டுகள் இணையத்தில் ஏறும் காலத்தில் மனிதச் செவி அத்துணையையும் எட்டுமா? இப்போது கணிப்பொறியே ஒலியை ஆராய்ந்து வேகம், சுருதி முதலியவற்றைக் குறிக்கின்றது. பம்பைக்கும் பறைக்கும் உள்ள வேறுபாட்டை அஃது எவ்வளவு உணரும் என்பது, அதற்குக் கற்பித்தவர் பம்பையைக் கேட்டிருந்தனரா என்பதைப் பொறுத்தது.

அடிச்சுவடுகளைப் பின்பற்றும் முறையில் மறைந்துள்ள இடரை ஒரு சோதனை தெளிவாகக் காட்டியது. 2006இல் சயன்ஸ் என்னும் இதழில் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்னும் மூவர் அதன் முடிவுகளை வெளியிட்டனர். எவரும் அறியாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகளை ஓர் இணையத் தளத்தில் அவர்கள் வைத்தனர். 14,341 பேர் வந்து கேட்டு, மதிப்பிட்டு, வேண்டியதை எடுத்துச் சென்றனர். வந்தவருள் ஒரு பகுதியினர்க்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டுமே காட்டப்பட்டன. எஞ்சியோர் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வோர் உலகத்தாருக்கும், அவ்வுலகத்தில் முன்னே வந்தவர் எப்பாட்டை எத்தனை முறை எடுத்துச் சென்றனர் என்னும் எண்ணிக்கையும் காட்டப்பட்டது.

பாட்டின் தகுதியே அதன் புகழுக்குக் காரணமாயின், எட்டு உலகங்களிலும் ஒரே பாட்டு முதலிடம் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. எண்ணிக்கையைக் காணாதவர் மதிப்பீட்டில் 26ஆம் இடம் பெற்ற ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடமும் மற்றோர் உலகத்தில் 40ஆம் இடமும் பெற்றது. மிகச் சிறந்த பாட்டு மிகவும் தாழ்ந்துபோவது அரிதாயிற்று. மிக எளிய பாட்டு உச்சிக்கு ஏறுவதும் அரிதாயிற்று. இடைப்பட்ட பாட்டுகளுக்கோ எதுவும் நேரலாம் என்பது புலனாயிற்று. தொடக்கத்தில் தற்செயலாக வந்த சிலர் எதனை எடுத்தனரோ, அதனைப் பின்வந்தோரும் எடுத்தனர். சந்தையில் கூட்டம் கூடிய கடைக்கே மேலும் கூட்டம் செல்வதை அறியாதார் இலர். கருவியின் பரிந்துரை அக்கூட்டத்தைப் பன்மடங்காக்கும். மலைபடுகடாம் வழியிலுள்ள பொறிகளை முன்கூட்டியே எச்சரித்தது. இன்றைய ஆற்றுப்படையோ தன் வழியிலுள்ள பொறியைச் சொல்வதில்லை.

இவ்விடர் எல்லார்க்கும் ஒரே அளவினதாக இல்லை. திரைப்பாட்டு, படம் வெளிவருமுன்பே பல இலட்சம் செவிகளை எட்டிவிடும். அதற்கு அடிச்சுவடுகள் முன்பே உள்ளன. அன்னூரிலோ தாராபுரத்திலோ ஒருவர் தம் வீட்டறையில் பதிவு செய்து ஏற்றிய முதற்பாட்டுக்குச் சுவடே இல்லை. கேட்டவர் இல்லாமையால் கருவி பரிந்துரைக்காது. பரிந்துரைக்காமையால் கேட்பவர் வாரார். வருவாயிலும் இந்நிலையே. 2024 முதல், 12 திங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை உரிமைத்தொகை வழங்குவதில்லை.

சுவடற்ற நிலையிலிருந்து மேலெழுந்த தனியிசைப் பாட்டுகளும் இல்லாமல் இல்லை. 2018 தொடக்கத்தில் சென்னையில் முதன்முதல் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானாவையும் பறையையும் ராக் இசையோடு சேர்த்துச் சாதிக் கொடுமையைச் சாடியது. அக்குழுவில் பாடிய அறிவு, 2021 மார்ச்சில் தீயுடன் இணைந்து பாடிய என்ஜாயி எஞ்சாமி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து பிறந்தது. தமிழறியாதவரும் அதனைக் கேட்டனர். ஆனால் அதற்குச் சந்தோஷ் நாராயணன் இசையும் நல்ல காட்சிப்படமும் துணைநின்றன என்பதை மறத்தல் கூடாது.

கொங்கு நாட்டு இசைச் செல்வம் இன்னும் பெரிதும் சுவடற்ற நிலையிலேயே உள்ளது. வள்ளி கும்மி, ஒயில், பெருஞ்சலங்கை ஆட்டம், உடுக்கடிப் பாட்டு ஆகியவை ஊர்தோறும் நிகழ்கின்றன. காரமடைப் பக்கத்துத் தாயனூரைச் சார்ந்த பத்திரப்பன் வள்ளி ஒயில் கும்மியைப் பல்லாண்டு பயிற்றியவர்; ஆடவர்க்கே உரியதாயிருந்த அக்கலையைப் பெண்டிர்க்கும் கற்பித்தவர். 2024இல், தம் 87ஆம் வயதில், அவர்க்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இன்று இணையத்தில் கும்மிப் பதிவுகள் பல கிடைக்கின்றன. ஆனால் அவற்றுள் பலவற்றின் தலைப்பில் திருவிழாவின் பெயர் இருக்கும். பாடியவர் பெயர் இராது. ஊர்ப்பெயர் இருந்தால் பாட்டின் பெயர் இராது. பின்னணியில் ஒலிக்கும் குரல் யாருடையது என்று அறிய விரும்புவோன் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான்.

எழுத்தாலும் ஒரு தடை உண்டு. தமிழ்ப் பாட்டின் பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதுவோர், நெடிலை ஓரெழுத்தாலும் ஈரெழுத்தாலும் எழுதுவர். ழகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாக்குவர். ஒயிலாட்டம் என்னும் ஒரு சொல்லே பலவகையாகச் சிதறிக் கிடக்கும். தேடுபொறிகள் இவ்வேறுபாடுகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் எனினும், பலர் அறியாத பெயர்க்கு அப்பொறுமை கிடைப்பதில்லை. பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதுதல் இதற்கு நேரிய மருந்து. இஃது எழுத்துப்பிழை திருத்தும் ஆசிரியரின் கண்டிப்பு அன்று. ஒரு பாட்டு கிடைப்பதற்கும் கிடையாமைக்கும் உள்ள வேறுபாடு.

பெயர் குறித்து வைப்பதன் பயனைக் காங்கேயம் வட்டாரத்தில் நிகழ்ந்த ஒன்று விளக்கும். கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் அம்மையார், 1964 முதல் 1966 வரை ஓலப்பாளையம் என்னும் சிற்றூரில் தங்கிக் கொங்கு மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரின் வரலாறாகிய அண்ணன்மார் கதையை, இராமசாமி என்னும் புலவர் உடுக்கை ஒலிக்கப் பல இரவுகள் பாடினார். பழனிசாமி என்பவர் துணைப்பாட்டுப் பாடினார். 1965இல் பெக் அம்மையார் அதனை ஒலிநாடாவில் பதிவு செய்தார். இன்ன நாள், இன்ன ஊர், பாடியவர் இன்னார் என்பவற்றைக் குறித்து வைத்தார். அக்கதையைப் பற்றி 1982இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். 1992இல் தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சென்னையில் நூலாயின. அவர் சேர்த்த செல்வங்கள் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகத்தில் எண்வடிவில் பேணப்படுகின்றன. அதே ஆண்டுகளில் அதே வட்டாரத்தில் எத்துணையோ புலவர் எத்துணையோ இரவுகள் பாடியிருப்பர். அவர் குரலைத் தேட எந்தக் கருவியாலும் இயலாது.

இன்று தனியிசையை நாடும் மாணவர், கருவி எடுத்து வைக்கும் அடுத்த பாட்டோடு அமையாமல், தாமே சில அடி நடத்தல் கூடும். விருப்பமான பாட்டொன்றின் கீழே உள்ள குறிப்பைப் படித்தால், அதில் பறை முழக்கியவர், ஒலிப்பதிவு செய்தவர், வரி எழுதியவர் பெயர்கள் இருக்கும். அப்பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினால் அவர்கள் பணியாற்றிய வேறு பாட்டுகள் புலப்படும். அவற்றிலிருந்து வேறு பெயர்கள் கிடைக்கும். மூன்றாம் பெயரிலேயே கருவி ஒருகாலும் காட்டியிராத பாட்டுக்கு வந்துவிடலாம். கருவியின் பெயரோடு ஊர்ப்பெயரையும் சேர்த்துத் தேடுதல் மற்றொரு வழி. பாட்டு என்று மட்டும் இட்டால் உலகமே வந்து குவியும். உடுக்கை, காங்கேயம் என்று சேர்த்து இட்டால் வருவன சிலவே. ஆனால் வேண்டியன அவற்றுள் இருக்கும். 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் கலைஞர் தம் பாட்டைத் தாமே விலை குறித்து விற்பர்; தளம் பொதுவாக 15 விழுக்காட்டை எடுத்துக்கொள்ள, கட்டணச் செலவு போக எஞ்சியது கலைஞரைச் சேரும். அங்கே வாங்கியவர் வேறு எவற்றை வாங்கினர் என்பதையும் காணலாம். அஃது இடையில் பெரிய கணக்கு ஒன்றும் இல்லாத நேரான ஆற்றுப்படை.

ஊர்த் திருவிழாவில் கும்மியையோ ஜமாப்பையோ கைப்பேசியில் பதிவு செய்வோர் இப்போது எங்கும் உளர். அவருட் பெரும்பாலோர் மாணவர். பதிவை ஏற்றுமுன் ஆட்டம் முடிந்து இளைப்பாறும் கலைஞரை அணுகி, அவர் இசைவைப் பெற்று, சில கேட்டறிந்து எழுதினால் போதும்: பாட்டின் பெயர், பாடியவர் பெயர், கற்பித்த ஆசிரியர் பெயர், முழங்கிய கருவிகள், ஊர், வட்டம், நாள். இதற்கு ஐந்து நிமிடமும் ஆகாது. எழுதும்போது ஊரைத் திருவிழாவின் பெயரோடு நிறுத்திவிடாமல், பாட்டு வந்த ஊரையும் கேட்டு எழுதுதல் வேண்டும். கும்மிக் குழு பெரும்பாலும் வேற்றூரிலிருந்து வந்ததாக இருக்கும்.